ஐந்தாவது நாற்காலி

அந்தச் சத்தம் ஸ்பீக்கரிலிருந்து வரவில்லை, செல்வியின் காலுக்கடியிலிருந்து வந்தது.

மூன்று தட்டு. சற்று இடைவெளி. மறுபடியும் மூன்று. வெளியே மட்டாஞ்சேரியின் ஜூன் மழை ஓட்டுக்கூரையின் மேல் விடாமல் இரைந்துகொண்டிருந்தது. அந்த இரைச்சலுக்குள்ளும் மரத்தில் மரம் இடிக்கும் அந்தச் சத்தம் தனியாகக் கேட்டது. கேட்டது என்பதைவிட, கம்பளத்துக்குக் கீழே பலகை அதிர்ந்ததை அவளுடைய குதிகால்தான் முதலில் தெரிந்துகொண்டது என்று சொல்ல வேண்டும். ஸ்பீக்கர் எதிர்மூலையில், ஜன்னலோரம் இருந்தது. அதிலிருந்து சத்தம் வந்தால் அந்தப் பக்கமிருந்தல்லவா வர வேண்டும்?

மேசைக்குப் பின்னால் காதில் ஹெட்போன் மாட்டியிருந்த நிகில் தலையை நிமிர்த்தி வழக்கமான கேள்வியைக் கேட்டான்.

"சப்தம் கேட்டோ?"

முதல் நாற்காலியிலிருந்த பிரதீஷ், "இல்ல" என்றான். அடுத்தவர், "இல்ல." அதற்கடுத்தவரும், நான்காவது நாற்காலிக்காரரும் அதையேதான் சொன்னார்கள். ஐந்தாவதாக உட்கார்ந்திருந்த செல்வியின் முறை வந்தது.

அவர்கள் ஐந்து பேரும் சொல்லிவைத்த ஆட்கள். நிகில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தான். நாலு பேர் சொல்வதோடு ஒத்துப்போவதற்காக ஒரு மனிதர் தன் காதையே எவ்வளவு தூரம் நம்பாமல் விடுவார் என்பதுதான் அவனுடைய கேள்வி. ஸ்பீக்கரில் சில நேரம் மணி அடிக்கும், சில நேரம் தண்ணீர் சொட்டும், சில நேரம் கதவு தட்டும், சில நேரம் ஒன்றுமே இருக்காது. எது வந்தாலும் ஐந்து பேரும் இல்லை என்பார்கள். ஆறாவது நாற்காலியில், விஷயம் தெரியாத ஒருவர் இருப்பார். அவர் என்ன சொல்கிறார் என்று பார்ப்பார்கள். இதைக் கண்டுபிடிக்க ஆராய்ச்சி எதற்கு, ஏதாவது கல்யாண வீட்டுப் பந்தியில் சாம்பாரைப் பற்றிக் கேட்டுப் பார்த்தால் போதாதா என்றுதான் செல்விக்கு முதலில் தோன்றியது. ஆனால் தோன்றியதைச் சொல்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

அவளுக்குத் தெரிந்ததெல்லாம் ஒத்துப்போவதுதான். அதில் அவள் கெட்டிக்காரி. உசிலம்பட்டிப் பக்கமிருந்து பிழைக்க வந்த குடும்பத்தில், பள்ளுருத்தியில் பிறந்தவள். வீட்டில் வைத்த பெயர் பாண்டிச்செல்வி. தமிழர்களைப் 'பாண்டி' என்று கேலி செய்கிற பள்ளிக்கூடத்தில் அந்தப் பெயரோடு படிப்பது எப்படியிருக்கும் என்று சொல்லவே வேண்டாம். எட்டாம் வகுப்பிலேயே பாதிப் பெயரை நறுக்கி எறிந்துவிட்டாள். சைக்காலஜி படித்து முடித்து இந்த வேலைக்கு வந்தபோது அவளுடைய மலையாளத்தில் தமிழ் வாடை துளியும் கிடையாது. அவளுடைய சிரிப்பை நிகில் மிகவும் மெச்சினான். "இல்ல" என்று சொல்லிவிட்டு ஆறாவது ஆளைத் திரும்பிப் பார்த்து, உனக்கும் அப்படித்தானே என்பதுபோல் ஒரு சின்னச் சிரிப்பு சிரிப்பாள். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு ஆமாம் கேட்டது என்று சொன்னவர்கள் ரொம்பக் குறைவு.

இத்தனைக்கும் இந்த வேலையை வாங்கிக்கொடுத்ததே அழகர் மாமாதான்.

முன்பு யூதர்கள் வாழ்ந்த ஜூ டவுன் தெருவில் பழம்பொருள் கடைகளைத் தாண்டினால் வருகிற அந்தப் பழைய கட்டடத்தின் கீழ்த்தளம் சுக்கும் மிளகும் அடுக்கிய கிடங்கு. அத்தை ஒச்சம்மாளின் புருஷனான அழகர் மாமா அங்கே கூட்டிப் பெருக்குகிற ஆள். ஒரு காது மந்தம். மேலே உள்ள மச்சை நிகில் வாடகைக்கு எடுத்தபோது, "எங்க வீட்டுப் புள்ள இதே படிப்புத்தான் சார் படிச்சிருக்கு" என்று போய்ச் சொன்னவர் அவர். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் படிக்கட்டின் அடியில் நின்று, மேலே எல்லோரும் இருக்கும்போது, ஊருக்கே கேட்கிற மாதிரிக் கூப்பிட்டார்.

"ஏ பாண்டிச்செல்வி! சாயா வாங்கிட்டு வந்திருக்கேன், வா தாயி!"

"பாண்டியா?" என்று பிரதீஷ் சிரித்தான். மற்றவர்களும் சிரித்தார்கள். செல்வியும் அவர்களோடு சேர்ந்து சிரித்தாள். பிறகு கீழே போய், காது எரிய, தூக்குவாளியை அவர் கையிலிருந்து வெடுக்கென்று வாங்கினாள்.

"மாமா, மேல ஆளுங்க இருக்கும்போது பேரு சொல்லிக் கூப்பிடாதீங்க."

"ஏன் தாயி?"

"கூப்பிடாதீங்கன்னா கூப்பிடாதீங்க. வேணும்னா மச்சுல தட்டுங்க. நான் இறங்கி வர்றேன்."

அவர் ஒரு நிமிடம் அவளைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்பது அவளுக்கும் புரிந்தது. "இதுவும் நல்லதுதான். தொண்டைக்கு வேலை மிச்சம்" என்று சொல்லிவிட்டு விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அன்றிலிருந்து விளக்குமாற்றுக் கம்பால் மூன்று தட்டு. ஒரு தடவைகூட அவர் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை.

அந்த மூன்று தட்டுத்தான் இப்போது காலுக்கடியில் கேட்டது.

சோதனை நடக்கும்போது மாமா தட்டுவதில்லை. முடிகிறவரைக்கும் வாளியை வைத்துக்கொண்டு காத்திருப்பார். இன்றைக்கு என்ன அவசரம் என்று செல்விக்கு எரிச்சல் வந்தது. கேட்டது என்று சொன்னால் சோதனை பாழ். அது யார், ஏன் தட்டுகிறார் என்று கேள்வி வரும். பிரதீஷ் மறுபடி சிரிப்பான்.

"இல்ல" என்றாள் செல்வி.

ஆறாவது நாற்காலியில் சுனிதா என்ற ஆரம்பப் பள்ளி டீச்சர். அவள் செல்வியின் காலடியையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். செல்வி சிரித்தாள். சுனிதாவும், "இல்ல" என்றாள்.

அதன் பிறகும் தட்டு வந்தது. ஸ்பீக்கரில் மணி அடித்தபோதும் வந்தது, ஒன்றுமே வராதபோதும் வந்தது. மூன்று மூன்றாக வந்தது ஒழுங்கு கெட்டு, அவசரமாகி, பிறகு தளர்ந்தது. ஒரு கட்டத்தில் பூண்டு அழுகினதுபோல ஒரு மெல்லிய வாடை. பிரதீஷ் மூக்கைச் சுளித்தான். அக்கம்பக்கம் பார்த்தான். வேறு யாரும் மூக்கைச் சுளிக்கவில்லை என்று கண்டதும் தன் மூக்கையும் நேராக்கிக்கொண்டான். நிகில் கேட்டுக்கொண்டே இருந்தான். அவர்கள் இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் பலகையைக் கம்பு நுனி பிராண்டுவதுபோல ஒன்று நீளமாகக் கேட்டது. அதற்கும் இல்லை என்றார்கள்.

முடிந்து இறங்கி வந்தபோது கிடங்கின் கதவு பூட்டியிருந்தது. மண்டையோடு போட்ட காகிதம் ஒட்டியிருந்தது. பூச்சிக்கு விஷவாயு மருந்து வைத்து அடைத்துவிட்டார்கள்.

"மாமா எங்க, சேட்டா?" என்று வாட்ச்மேனிடம் கேட்டாள்.

"அழகரா? வீட்டுக்குப் போயி இருக்கும். அடைக்குந்நதுக்கு மும்பு மூணு வட்டம் விளிச்சு கேட்டல்லோ. ஆரும் மிண்டியில்ல."

அது அங்கே வழக்கம். மருந்து வைத்துக் கதவைச் சாத்தும் முன் சுமைக்காரர்களில் ஒருவர் வாசலில் நின்று உள்ளே பார்த்து, "ஆளுண்டோ?" என்று மூன்று தடவை உரக்கக் கேட்பார். பதில் வராவிட்டால் அடைத்துவிடுவார்கள். மந்தக் காதோடு மூட்டைகளுக்குப் பின்னால் அசந்து தூங்குகிற ஒரு மனிதருக்கு அது கேட்குமா என்று யாரும் யோசித்ததில்லை.

செல்வி கதவில் காதை வைத்தாள். ஈர மரத்தின் வாசனை, அதோடு அதே பூண்டு வாடை. உள்ளே சத்தம் எதுவும் இல்லை. கதவைத் திறங்கள் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. தெருவில் இரண்டு கடைக்காரர்கள் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிகில் குடையை விரித்துக்கொண்டே, "எந்தா செல்வி?" என்றான். திறக்கச் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். தட்டுச் சத்தம் கேட்டது என்றால், இத்தனை நேரம் ஏன் சொல்லவில்லை என்பார்கள். உள்ளே யாரும் இல்லாவிட்டால் எவ்வளவு அசிங்கம்.

"ஒண்ணுமில்ல சார்" என்று சிரித்தாள்.

ராத்திரி முழுக்க அத்தை போன் செய்துகொண்டிருந்தாள். "இன்னும் வரலடி, ஒங்கிட்ட எதுவும் சொன்னாரா?" ஊருக்கு பஸ் ஏறியிருப்பார் என்று அக்கம்பக்கத்தார் சொன்னார்களாம். "அப்பிடித்தான் இருக்கும் அத்தே" என்று செல்வியும் சொன்னாள்.

மறுநாள் அத்தை வந்து அழுது கூச்சல் போட்ட பிறகுதான் கிடங்கைத் திறந்தார்கள். மச்சின் நடுவே, முன்னொரு காலத்தில் மூட்டை தூக்குவதற்காக வெட்டி, பிறகு ஆணி அடித்து மூடிய பலகைக் கதவு ஒன்று உண்டு. அதற்கு நேர் கீழே மாமா கிடந்தார். கை விளக்குமாற்றை விடவில்லை. பலகைக் கதவுக்கு மேலே கம்பளம், கம்பளத்துக்கு மேலே ஐந்தாவது நாற்காலி.

சாயங்காலம் ஒரு எஸ்.ஐ. விசாரிக்க வந்தார். சுனிதாவையும் வரச் சொல்லியிருந்தார்கள். எங்கே உட்கார்ந்திருந்தீர்களோ அங்கேயே உட்காருங்கள் என்றார் அவர். ஆறு பேரும் உட்கார்ந்தார்கள். சரியாக அதே கேள்வியைத்தான் அவரும் கேட்டார்.

"சப்தம் வல்லதும் கேட்டோ?"

பிரதீஷின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. "இல்ல" என்றான். ஒவ்வொருவராக இல்லை என்றார்கள். இந்தத் தடவை யாரும் சொல்லிவைக்கவில்லை. செல்வியின் முறை வந்தபோது நாக்கு தானாகவே அந்த ஒரு சொல்லை உருட்டிப் போட்டது. பழக்கதோஷம், சிரிப்பும் கூடவே வந்துவிட்டது. இழவு விழுந்த வீட்டுப் பெண் சிரித்ததை எஸ்.ஐ. கவனித்தாரா என்று தெரியவில்லை. சுனிதா கவனித்தாள். "இல்ல" என்று சொல்லும்போது சுனிதாவின் கண் நிறைந்திருந்தது.

பஸ் ஸ்டாப்பில் சுனிதா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "செல்வி, எனிக்கு அன்னு கேட்டது போல இருந்நு. உங்களுக்கு...?"

"உங்க தோணலாயிருக்கும் டீச்சர்."

கையை விட்டுவிட்டுச் சுனிதா தலையாட்டினாள். தோணலாகத்தான் இருக்கும் என்று அவள் நிம்மதியாக நம்பிவிட்டதைச் செல்வி கண்ணால் பார்த்தாள். இத்தனை சுலபமா என்று தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

அத்தை மட்டும் நம்பவில்லை. காரியம் முடிந்த அன்று, அடுப்பு மூட்டாத சமையலறையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவள் சட்டென்று கேட்டாள்.

"நீ மேலதான இருந்த? அந்த மனுசன் ஏன்டி கத்தல? கத்தியிருந்தா நீ ஓடியிருக்க மாட்டியா? பேரச் சொல்லி ஒரு சத்தம் குடுக்க முடியாமயா போச்சு?"

அத்தையின் தலைக்குப் பின்னால் சுவருக்குள்ளிருந்து மூன்று தட்டு கேட்டது.

"அத்தே, சத்தம் கேட்டுச்சா?" என்றாள் செல்வி.

"என்ன சத்தம்?"

அன்றிலிருந்து அது அவளை விடவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்தால் காலுக்கடியில் தகரத்தில் தட்டியது. குளிக்கும்போது தளக்கல்லுக்கு அடியில் தட்டியது. படுத்தால் தலையணைக்குள், காதுக்கு நேராக, பொறுமையாக, சாயா ஆறிப்போகுமே என்கிற அக்கறையோடு தட்டியது. ஒவ்வொரு தடவையும் பக்கத்திலிருப்பவரிடம் கேட்பாள். ஒவ்வொருவரும் இல்லை என்பார்கள். சிலர் சொல்லிவிட்டு லேசாகச் சிரிக்கவும் செய்தார்கள்.

சில வாரம் கழித்து சோதனை மறுபடி தொடங்கியது. போகாமலிருந்தால் ஏன் என்று கேட்பார்களே, அதனால் போனாள். அன்றைக்கும் மழை. நேரத்தோடு வந்து மச்சில் தன் நாற்காலியின் மேல் கைப்பையை வைத்தபோது மேலே யாரும் இல்லை. கம்பளத்துக்கு அடியில் பிராண்டும் சத்தம் கேட்டது. அவளுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. கீழே இறங்கினாள்.

கிடங்கின் கதவு பாதி திறந்திருந்தது. சுமைக்காரர்கள் எதிர்ச் சாயாக்கடையில் நின்றிருந்தார்கள். புதுச் சரக்கு வந்து, கறுப்புத் தார்ப்பாய் போர்த்திய மூட்டைகள் இருபுறமும் கூரை வரைக்கும் நின்றன. சுக்கின் காரம் தொண்டையைப் பிடித்தது. அதற்குள் எங்கோ பூண்டின் வாடை. நடுவில் அந்தப் பலகைக் கதவுக்குக் கீழே வந்து அண்ணாந்து பார்த்தாள். கறுத்த மரத்தில் சின்னச் சின்ன வட்டக் குழிகள், வெளிறி, புதிதாக. எண்ண முடியாத அளவுக்கு இருந்தன. மூன்று மூன்றாகத் தொடங்கி ஒன்றன்மேல் ஒன்றாகக் குழம்பியிருந்தன. கடைசியில் ஒரு நீளக் கீறல்.

அவருடைய விளக்குமாற்றை யாரோ தூணில் சாய்த்து வைத்திருந்தார்கள். செல்வி அதைக் கையில் எடுத்தாள். தரையில் உட்கார்ந்து, நெற்றியை அந்தக் கம்பில் முட்டிக்கொண்டு, முதன்முதலாகச் சொன்னாள்.

"கேட்டுச்சு மாமா. எனக்குக் கேட்டுச்சு."

அழுகை பொங்கி வந்தது. வெட்கம், வெறும் வெட்கம். துக்கம்கூட அதற்குப் பின்னால்தான் நின்றது.

"ஆளுண்டோ?"

வாசலிலிருந்து குரல். செல்வி தலையைத் தூக்கினாள். முகமெல்லாம் கண்ணீரும் சளியும். துணியெல்லாம் சுக்குத் தூசி. இந்தக் கோலத்தில், செத்தவர் கிடந்த இடத்தில் உட்கார்ந்திருப்பதை அத்தனை பேரும் பார்ப்பார்கள். ஏன் என்பார்கள். முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிடலாம்.

"ஆளுண்டோ?"

துப்பட்டாவால் அழுத்தித் துடைத்தாள். இதோ. ஒரு நொடி.

"ஆளுண்டோ?"

வாயைத் திறந்தாள். காரம் தொண்டையை அடைத்தது. வெறும் காற்றுதான் வந்தது.

கதவு சாத்திக்கொண்டது.

ஓடிப்போய்க் கதவில் அறைந்தாள். கல் மாதிரி கனத்த தேக்கு. வெளியே மழை. போன் கைப்பையில். கைப்பை நாற்காலியில். கத்தினாள். குரல் மூட்டைகளுக்குள் போய் அமுங்கியது. தார்ப்பாய்க்கு அடியிலிருந்து பூண்டு வாடை மெல்லக் கனத்தது.

மேலே காலடிச் சத்தம்.

வந்துவிட்டார்கள். தட்டுத் தடுமாறி நடுவுக்கு வந்தாள். நாற்காலிகள் இழுபட்டன. ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. விளக்குமாற்றைத் தூக்கி ஓங்கித் தட்டினாள். மூன்று தட்டு. மறுபடியும் மூன்று.

தலைக்கு நேர் மேலே, ஐந்தாவது நாற்காலி கிறீச்சிட்டது. யாரோ உட்கார்ந்தார்கள்.

"சப்தம் கேட்டோ?"

நிகிலின் குரல். தெளிவாக. பக்கத்தில் நின்று பேசுவதுபோல. கீழிருந்து ஒரு குரல்கூட மேலே ஏறவில்லை. மேலிருந்து ஒவ்வொரு சொல்லும் அப்படியே இறங்கியது. அப்படியானால் மாமா எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். மந்தக் காதோடு, அண்ணாந்து நின்று, ஒவ்வொரு தடவையும்.

"இல்ல." பிரதீஷ்.

தட்டினாள்.

"இல்ல."

"இல்ல."

"இல்ல."

தட்டினாள். தட்டினாள். மரத்தூள் கண்ணில் விழுந்தது. மூச்சு எட்டவில்லை. ஐந்தாவது நாற்காலிக்காரர் தொண்டையைச் செருமினார்.

"இல்ல சாரே. ஒண்ணும் கேட்டில்ல."

தமிழ் வாடை துளியும் இல்லாத, இனிமையான, எல்லோரோடும் ஒத்துப்போகிற குரல். அவளுடைய குரல்.

கம்பு கையிலிருந்து நழுவியது. மேலே அடுத்தது ஆறாவது ஆளின் முறை. ஆறாவது நாற்காலியில் யாரோ ஒருவர் இருக்கிறார். அவருக்குக் கேட்டிருக்கும். கேட்டது என்று சொல்ல வாயெடுத்திருப்பார். சொல்லும் முன் ஐந்தாவது நாற்காலியில் இருக்கும் முகத்தைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அந்த முகம் இப்போது சிரிக்கும் என்று செல்விக்குத் தெரியும்.